கதவைப் பார்த்துப் பூட்டைப் பொருத்துவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து, மரக்கதவில் பழைய வகைப் பூட்டுகளைக் கைக்கருவிகளால் பொருத்துவது குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டு முன்வாசலில் தேக்குப் பலகைகளால் ஆன இரட்டைக் கதவு இருக்கிறது. பாட்டனார் காலத்துப் பெட்டிப்பூட்டு கோடை முழுவதும் தடையின்றி விழுகிறது. ஆனி, ஆடியில் சாரல் தொடங்கிவிட்டால், கதவைத் தோளால் அழுத்திப் பிடித்தால்தான் சாவி திரும்புகிறது. நாக்கு நுழையும் தகட்டின் துளையை அரத்தால் ராவி அகலமாக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா, ஐயா?
(வாசகர், செங்கோட்டை)

பதில்: தயவுசெய்து அரத்தைத் தொடாதீர்கள். கோடையில் தடையின்றி விழும் பூட்டு மழைக்காலத்தில் விழவில்லை என்றால் பூட்டில் குறை இல்லை. கதவுதான் இடம் மாறியிருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு நேராக உங்கள் ஊருக்குள் நுழைகிறது. அந்த ஈரத்தை மரம் உறிஞ்சும்போது நார் ஓடும் நீளவாக்கில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இருப்பதில்லை. அகலவாக்கில் மட்டும் அது பருக்கிறது. தேக்கு, மற்ற மரங்களைவிடக் குறைவாகவே அசையும் மரம். ஆயினும் 400 மி.மீ. அகலமுள்ள ஒரு பலகைக் கதவில் ஈரப்பதம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடினால், அறுப்பின் வகையைப் பொறுத்து, கதவு 3 மி.மீ. வரை அகலக்கூடும். இரண்டு கதவுகளும் அவ்வாறு அகலும்போது நடுவில் விடப்பட்டிருந்த இடைவெளி மறைந்து, விளிம்புகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொள்கின்றன. கதவு முழுவதும் உள்ளே சென்று அமராமல் சற்று முன்னே துருத்தி நிற்பதால், பூட்டின் நாக்கு துளைக்குள் நுழையாமல் அதன் ஓரத்தில் முட்டுகிறது. நீங்கள் தோளால் அழுத்தும்போது அந்தத் துருத்தல் நீங்குகிறது; சாவியும் திரும்புகிறது. இப்போது துளையை அகலமாக்கினால் பங்குனியில் கதவு கடகடவென்று ஆடும். பூட்டியிருந்தாலும் உறுதி இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். மழை நாளில் கதவை மூடிவிட்டு, ஓர் அஞ்சலட்டையை விளிம்பின் இடைவெளியில் மேலிருந்து கீழாக நகர்த்துங்கள். அட்டை எங்கே சிக்குகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் அடையாளம் இடுங்கள். அடையாளம் நீளவாக்கில் ஒரே சீராக வந்தால் மரம் பருத்திருக்கிறது என்று பொருள். இழைப்புளியால் அந்த விளிம்பை மெல்லியதாக, ஒரு சுருள் இரண்டு சுருள் எடுத்தால் போதும். அடையாளம் மேல்மூலையில் மட்டும் வந்தால் காரணம் வேறு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த ஊர். அக்காலத்து வீட்டுக் கதவுகள் பலவற்றில் கீல் இருக்காது, மேலும் கீழும் நீண்ட குடுமிகளே குழிகளில் நின்று சுழலும். உங்கள் கதவும் அப்படிப்பட்டதாயின், அதைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு இரு கைகளாலும் மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். எளிதாக மேலே எழுந்தால் கீழ்க்குடுமி தேய்ந்து கதவு சரிந்துவிட்டது. கதவை இறக்கி, கீழ்க்குழியில் தேய்மானத்தின் அளவுக்கு ஒரு பித்தளை வில்லையை இட்டு மீண்டும் நிறுத்தினால், பூட்டு தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கதவின் முகத்துக்கு மெருகு பூசுகிறார்கள். தலைப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும், யார் கண்ணிலும் படாது என்பதால், பச்சையாக விட்டுவிடுகிறார்கள். நாரின் முனைகள் வெளியே தெரியும் அந்த இரண்டு இடங்களின் வழியாகத்தான் மரம் ஈரத்தைப் பல மடங்கு விரைவாகக் குடிக்கிறது. மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் கதவை இறக்கி அந்த முனைகளுக்கு இரண்டு கை மெருகெண்ணெய் பூசுங்கள். அடுத்த சாரலில் வேறுபாடு தெரியும்.

கேள்வி: எங்கள் தறவாட்டு வீட்டின் முன்கதவு அயினி மரத்தால் ஆனது, சட்டம் 2 அங்குலக் கனம். அதற்குப் பழைய லீவர் பூட்டு ஒன்றை, வெளியே தெரியாதபடி சட்டத்துக்குள் பதிக்க விரும்புகிறேன். எங்கள் ஊரில் மூத்த ஆசாரி ஒருவர் உளியாலேயே செய்து தருவதாகச் சொல்கிறார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளவும், கூடுமானால் நானே கற்றுக்கொள்ளவும், வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் விளக்க வேண்டுகிறேன்.
(வாசகி, தக்கலை)

பதில்: அவரிடமே ஒப்படையுங்கள். பழைய அயினியில் நார் ஓட்டம் ஆங்காங்கே திசை மாறும். உள்ளே எந்தக் காலத்திலோ அறையப்பட்ட இரும்பாணி முறிந்து கிடக்கவும் கூடும். மின்துரப்பணம் இவற்றை உணராமல் பாய்ந்து செல்லும். கையால் சுழற்றும் துரப்பணமோ ஆணியில் பட்டவுடன் ஆசாரியின் உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். பழைய கதவுக்குக் கைக்கருவியே ஏற்றது என்று நான் கருதுவதற்கு இதுதான் காரணம். புதிய மரமாக இருந்தால் துளையிடுவதை மட்டும் இயந்திரத்திடம் விடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

முதலில் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். தரையிலிருந்து 36 முதல் 42 அங்குல உயரம் கைக்கு வசதியானது. ஆனால் அந்த உயரத்தில்தான் பெரும்பாலான கதவுகளில் நடுக் குறுக்குச்சட்டம் நெடுஞ்சட்டத்தோடு சேர்கிறது. குறுக்குச்சட்டத்தின் கழுந்து நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் நுழைந்து நிற்கும் அந்த மூட்டிலேயே பூட்டுக்குக் குழி வெட்டினால், கதவைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கழுந்து அறுபட்டுப்போகும்; சில ஆண்டுகளில் சட்டம் பிரிந்து கதவு தொங்கும். பல வீடுகளில் நடந்திருக்கும் இந்தத் தவறைப் பிறகு சரிசெய்யவே முடியாது. ஆகவே மூட்டுக்கு மேலேயோ கீழேயோ, நெடுஞ்சட்டம் முழுமையாக இருக்கும் இடத்தில் பூட்டு அமையட்டும். கை சற்றுத் தாழ்வாகப் போவதில் தவறில்லை. சட்டத்தைச் சுத்தியலின் பின்புறத்தால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். ஓசை வெறுமையாக இருந்தால் உள்ளே கறையான் தின்றிருக்கிறது, அங்கே வெட்டக் கூடாது.

அடுத்தது அளவு. பூட்டைக் கையில் எடுத்து அதன் உடலின் கனம், உயரம், ஆழம் ஆகிய மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் சட்டம் ஏறக்குறைய 50 மி.மீ. கனம் என்பதால், 16 மி.மீ. கனமுள்ள பூட்டு நடுவில் அமரும்போது இரு பக்கமும் 17 மி.மீ. மரம் மிஞ்சும்; இது தாராளமானது. இரு பக்கமும் 10 மி.மீ.க்குக் குறைவாக மிஞ்சும் கதவில் பூட்டைப் பதிக்கவே கூடாது; அதற்குப் பெட்டிப்பூட்டை மேலே அறைந்துகொள்வதுதான் முறை. ஆழத்திலும் எச்சரிக்கை வேண்டும்: குழியின் அடி, சட்டத்தில் பலகை செருகப்பட்டிருக்கும் காடியைத் தொட்டுவிடக் கூடாது.

கோடு இடும்போது, கேஜ் என்று ஆசாரிமார் சொல்லும் கோடு கீறும் கட்டையை எப்போதும் கதவின் ஒரே முகத்தில் சார்த்தியே இழுக்க வேண்டும். ஒரு கோட்டை உள்முகத்திலிருந்தும் மற்றொன்றை வெளிமுகத்திலிருந்தும் இழுத்தால், சட்டத்தின் கனத்தில் உள்ள சிறு வேறுபாடு முழுவதும் பூட்டின்மேல் வந்து சேரும். பழைய கதவுகளின் மூடும் விளிம்பு, கதவு நிலையில் உரசாமல் அமர்வதற்காக, உள்நோக்கிச் சற்றே சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அந்த விளிம்புக்குச் செங்குத்தாகத் துளையிட்டால் குழி கோணலாகப் போய்விடும். துரப்பணம் விளிம்பைப் பார்த்து நிற்காமல் கதவின் முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும். மூலைமட்டத்தைக் கதவின் முகத்தில் பிடித்துக்கொண்டு, துளையிடுபவருக்குப் பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சொல்ல ஒருவர் தேவை. பக்கத்தில் நிற்கும் உங்களுக்கு உரிய வேலை இதுதான்.

துரப்பணத்தின் அலகு பூட்டின் கனத்தைவிட 1 மி.மீ. பெரிதாக இருக்கலாம். வேண்டிய ஆழத்தில் அலகைச் சுற்றித் துணிநாடா ஒன்றைக் கட்டிவிட்டால் அதற்குமேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். மேல்கோடியிலும் கீழ்க்கோடியிலும் முதல் இரண்டு துளைகளை இட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே மற்ற துளைகளை இட வேண்டும். கைத்துரப்பணத்தின் நுனியில் உள்ள திருகு, கெட்டியான மரத்தைப் பிடித்தால்தான் நேராக இறங்கும். முன்பு இட்ட துளையின்மேல் ஏறினால் வழுக்கிப் பக்கவாட்டில் ஓடிவிடும். எனவே துளைகளுக்கு இடையே மெல்லிய சுவர் நிற்குமாறு விட்டு, அந்தச் சுவர்களைப் பிறகு உளியால் எடுப்பார்கள்.

உளி வேலையில் ஒரே ஒரு முறைமை தவறக் கூடாது. குழியின் மேல்முனையும் கீழ்முனையும் நாருக்குக் குறுக்கே வருபவை. பக்கச்சுவர்கள் நாரோடு ஓடுபவை. கனத்த உளியைக் கொட்டாப்புளியால் அடித்து முதலில் இரு முனைகளையும் வெட்டி நாரை அறுத்துவிட வேண்டும். அதற்குமுன் பக்கச்சுவரில் உளியை வைத்தால், பிளவு கோட்டைத் தாண்டி மேலும் கீழும் ஓடும். அயினி போன்ற காய்ந்த மரத்தில் அது ஒரு சாண் நீளத்துக்கும் போகலாம். முனைகள் அறுபட்ட பிறகு, அகல உளியின் தட்டையான முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்து, அடிக்காமல் கையழுத்தத்தாலேயே சுவரைச் சீவி எடுப்பார்கள். இடையிடையே உளியைத் தீட்டுக்கல்லில் தீட்டுவதைக் காலவிரயம் என்று நினைக்க வேண்டாம். மழுங்கிய உளி அதிக அடியை வாங்குகிறது. அதிக அடியே பிளவை உண்டாக்குகிறது.

பூட்டைக் குழிக்குள் நுழைக்கும்போது சுத்தியலைப் பயன்படுத்தக் கூடாது என்பதை ஆசாரியிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். அடித்து இறக்கப்பட்ட பூட்டின் பக்கத்தகடு உள்ளே நெரிந்து லீவர்களை அழுத்தும். சாவி ஒருநாள் திரும்பும், மறுநாள் திரும்பாது. மக்கள் அதைப் பூட்டின் கோளாறு என்று எண்ணிப் பூட்டையே மாற்றுவார்கள். பூட்டின் உடலில் சிறிது விளக்குக்கரியைத் தடவி, கையால் உள்ளே செலுத்தி வெளியே எடுத்தால், குழியின் எந்த இடத்தில் கரி ஒட்டியிருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் சீவ வேண்டும் என்று தெரிந்துவிடும். விரலால் தள்ளினால் போகவும், சாவியை ஒரு சுற்றுத் திருப்பி வெளியே வந்த நாக்கைப் பிடித்து இழுத்தால் வரவும் வேண்டும். அதுவே சரியான பொருத்தம்.

பூட்டு உள்ளே இருக்கும்போதே அதன் முகத்தகட்டைச் சுற்றிக் கூரிய கத்தியால் கோடு கீறுங்கள். பென்சில் கோட்டுக்குக் கனம் உண்டு. கத்திக் கோட்டுக்கு இல்லை, அத்துடன் உளியின் நுனி தானாகவே அதில் போய் நிற்கும். தகட்டின் கனம் 2 அல்லது 3 மி.மீ.தான் இருக்கும். அந்த ஆழத்துக்கு மெல்ல எடுத்து, தகடு விளிம்போடு சமமாக அமர்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பாருங்கள்.

சாவித்துளைக்கு, பூட்டைக் கதவின் முகத்தில் உரிய உயரத்திலும் உரிய உள்ளளவிலும் சார்த்தி, அதன் சாவித்துளை வழியாக ஊசியால் குத்தி அடையாளம் எடுக்க வேண்டும். மூலைமட்டத்தின் துணையால் அதே அடையாளத்தை மறுமுகத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து முழுவதும் துளைத்தால் மறுபக்கத்தில் மரம் சிலும்பும் என்பதால், இரு முகங்களிலிருந்தும் பாதிப் பாதியாகத் துளையுங்கள். மேலே வட்டமும் கீழே ஒடுங்கிய பிளவுமாக அதை உருவாக்கிய பிறகு, எந்தத் திருகாணியையும் முடுக்குவதற்கு முன், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சாவியைப் போட்டுப் பத்து முறையாவது திருப்பிப் பாருங்கள்.

பித்தளைத் திருகாணியை அயினியில் நேராக முடுக்கினால் தலை முறிந்து உடல் உள்ளேயே தங்கிவிடும். சரியான அளவில் முன்துளை இட்டு, அதே அளவுள்ள எஃகுத் திருகாணியை ஒருமுறை முடுக்கி எடுத்து மரத்தில் புரி பதியச் செய்து, அதன் பிறகே மெழுகு தடவிய பித்தளைத் திருகாணியைப் போட வேண்டும். பித்தளைத் தகட்டுக்கு இரும்புத் திருகாணியை நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். குளச்சல் கடற்காற்றின் உப்பு உங்கள் ஊர் வரை எட்டும்; இரண்டு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரும்பே முதலில் அரித்துப்போகும்.

நிலைக்காலில் நாக்கு நுழையும் குழியை அளந்து வெட்டுவதைவிட, நாக்கையே கேட்டு வெட்டுவது நல்லது. நாக்கின் நுனியில் எண்ணெய் கலந்த விளக்குக்கரியைத் தடவி, கதவை மூடி, நாக்கு நிலையில் முட்டும்வரை சாவியைத் திருப்புங்கள். கரி பதிந்த இடமே குழியின் இடம். அடிப்பக்கத்தில் 1 அல்லது 2 மி.மீ. கூடுதலாக விட்டுவிடுங்கள். கதவு காலப்போக்கில் இறங்குமே தவிர, ஏறுவதில்லை. குழியின் ஆழமும் நாக்கின் முழு நீளத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். நாக்கு குழியின் அடியில் முட்டினால் சாவி முழுச் சுற்று வராது.

கேள்வி: பூட்டு இறுகினால் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம். கடையில் விற்கும் எண்ணெய் இதைவிட நல்லதா?
(வாசகர், குமுளி)

பதில்: தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழி இரவில் உங்கள் மலைப்பகுதிக் குளிர் அதைவிடக் கீழே இறங்கும். உறையாவிட்டாலும் நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் முனையைச் சீவிக் கிடைக்கும் கரித்தூளைச் சாவியின் பற்களில் தடவி உள்ளே விட்டுப் பலமுறை திருப்பினால் போதும். ஏற்கெனவே பிசின் பிடித்த பூட்டாக இருந்தால், கதவிலிருந்து கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கழுவி, நன்றாக உலர்த்திய பிறகு கரித்தூள் இடுங்கள்.

கேள்வி: நான் தச்சுவேலை பயிலும் மாணவன். லீவர் பூட்டின் உள்ளே என்ன நடக்கிறது? அதைத் தெரிந்துகொள்வது பொருத்துபவருக்கு அவசியமா?
(மாணவர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: மிக அவசியம் தம்பி. பூட்டின் நாக்கில் ஒரு சிறு முளை இருக்கும். அந்த முளையின் வழியை மறித்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய தகடுகள் நிற்கும், அவையே லீவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாசல் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு வில் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் பற்கள் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்குகின்றன. எல்லா வாசல்களும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் முளை அவற்றின் ஊடே நகரும், நாக்கும் நகரும். ஒரு லீவர் தேவைக்குக் குறைவாக எழுந்தாலும் வழி மறிக்கும், தேவைக்கு அதிகமாக எழுந்தாலும் வழி மறிக்கும். இந்த இருபக்கத் தடையை இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் 1778இல் உருவாக்கினார். 1818இல் ஜெரமையா சப், ஒரு லீவரை அளவுக்கு மீறி யாரேனும் தூக்கினால் அது அப்படியே சிக்கிக்கொண்டு, உரிமையாளருக்கு முயற்சி நடந்ததைக் காட்டிக்கொடுக்கும் அமைப்பைச் சேர்த்தார். திறக்க முடியாதது என்று எல்லோரும் நம்பியிருந்த அந்தப் பூட்டை, 1851இல் லண்டனில் பெருங்கண்காட்சி நடந்த காலத்தில் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சாவியின்றித் திறந்து காட்டினார். நம் நாட்டில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். லீவர்கள் ஒன்றையொன்று உரசாமல் தனித்தனியே எழுந்து இறங்க வேண்டுமானால், அவற்றுக்கு இடையே தலைமயிர் அளவு இடைவெளியாவது தேவை. குழியில் மிஞ்சிய மரத்தூள் சாவித்துளை வழியாகப் பூட்டுக்குள் விழுந்தால் அந்த இடைவெளியை அடைத்துவிடும். மழைக்காலத்தில் அந்தத் தூள் ஈரத்தில் ஊதி லீவரை இறுக்கும். குழி கோணலாக இருந்து பூட்டின் உடல் முறுக்கப்பட்டாலும் இதே விளைவுதான். எனவே குழியை வெட்டி முடித்தவுடன் கதவைச் சாய்த்துத் தட்டித் தூளை முழுவதும் வெளியேற்றுங்கள். சாவித்துளையை, பூட்டு குழிக்குள் இருக்கும்போது ஒருபோதும் துளைக்காதீர்கள். பயிற்சிக்காக, பழுதான லீவர் பூட்டு ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் படத்தையும்விட அது தெளிவாகச் சொல்லும்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கிடங்குக்குத் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு போட்டிருந்தோம். திருடர்கள் பூட்டைத் தொடவே இல்லை. நாதாங்கியைக் கதவோடு பெயர்த்து எடுத்துவிட்டார்கள். எப்படி அறைந்திருக்க வேண்டும்?
(வாசகர், கம்பம்)

பதில்: கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெருமைக்கு அது முழுவதும் தகுதியானது. ஆனால் எவ்வளவு உயர்ந்த தொங்கு பூட்டும் அதைத் தாங்கும் நாதாங்கியின் பிடிப்பு அளவுக்கே காவல் தரும். அரை அங்குலத் திருகாணி நான்கால் பிடித்திருக்கும் கொண்டியை ஒரு கடப்பாரை முனை எளிதாகக் கிளப்பிவிடும். கதவின் கனம் முழுவதும் ஊடுருவும் மரையாணியைப் போட்டு, உட்புறத்தில் அகலமான இரும்புத் தகட்டின்மேல் மரையை முடுக்குங்கள். வெளிப்புறத்தில் திருகுவதற்கு இடமில்லாத உருண்டைத் தலை இருக்கட்டும். நிலைக்காலில் உள்ள நாதாங்கியையும் இதே முறையில் ஊடுருவிப் பொருத்துங்கள்; நிலைக்குப் பின்னால் சுவர் இருப்பதால் அது முடியாது என்றால், இரு கால்கள் கொண்ட நாதாங்கியை முன்துளை இட்டு ஆழமாக இறக்கி, தகட்டோடு சேர்த்துப் பிடிக்கும் நீண்ட திருகாணிகளால் உறுதிப்படுத்துங்கள். கொண்டி மடிந்து மூடும்போது எல்லா ஆணித்தலைகளும் அதன் அடியில் மறைய வேண்டும். ஒன்று வெளியே தெரிந்தாலும் அந்த ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். முன்பு பெயர்ந்த இடத்தில் மரம் நார் நாராகக் கிழிந்திருக்கும். அங்கேயே மீண்டும் அறையாமல், கிழிந்த பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்து அதே இன மரத்துண்டைப் பசையிட்டுப் பதித்து, புதிய பொருத்தை ஒரு சாண் மேலேயோ கீழேயோ அமையுங்கள்.

கேள்வி: புதிய வீட்டின் முன்கதவுக்கு, பழைய நாலுகெட்டு வீடுகளில் இருக்கும் மணிச்சித்திரத்தாழ் போன்ற பித்தளைப் பூட்டு பொருத்த விரும்புகிறோம். கதவு, இரு பக்கமும் தேக்கு ஒட்டிய பிளைவுட் கதவு. பொருத்தலாமா? உடைத்து விற்கப்படும் பழைய வீட்டிலிருந்து ஒரு பூட்டு விலைக்கு வருகிறது, அதை வாங்கலாமா?
(வாசகி, நெய்யாற்றின்கரை)

பதில்: பிளைவுட் கதவில் வேண்டாம். அந்த வகைப் பூட்டு முழுவதும் கதவின் முகத்தில் நிற்பது. பித்தளையின் கனமும், கொண்டியைத் தூக்கிப் போடும் ஒவ்வொரு முறையும் ஏற்படும் அதிர்வும், கதவின் முழுக் கனத்தையும் ஊடுருவி உட்புறத்தில் மடித்துவிடப்பட்ட ஆணிகளின் மேல் இறங்குகின்றன. முழு மரப் பலகையே அதைத் தாங்கும். ஒட்டுப்பலகையின் மேலேடு சில ஆண்டுகளில் ஆணியைச் சுற்றிக் குழிந்து உரிந்துவிடும். உங்கள் வீட்டுக்குக் கட்டாயம் வேண்டுமென்றால், இரட்டைக் கதவாக, 40 மி.மீ.க்குக் குறையாத முழுத் தேக்கு அல்லது பலாச் சட்டத்தில் முன்கதவை மட்டும் செய்வித்து, இரண்டு கதவுகளும் சேரும் கோட்டில் அதைப் பொருத்துங்கள். ஒரு கதவின் விளிம்பை மறு கதவின்மேல் சற்றே ஏறி மூடும் பட்டை நடுவில் இருந்தால், பூட்டுப்பெட்டி அந்தப் பட்டையின்மேல் சாய்ந்துவிடாமல் அதன் கனத்துக்குச் சமமான மரத்துண்டை அடியில் கொடுக்க வேண்டும். கடைகளில் புதிதாக வார்த்து விற்கப்படுபவற்றில் பல வெறும் அலங்காரம். வாங்குவதற்கு முன் சாவியைப் போட்டு, நாக்கு உண்மையிலேயே வெளியே வந்து நிற்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

வேலைப்பாட்டின் அளவு உங்கள் கண்ணுக்குப் பழக வேண்டுமானால், பக்கத்திலேயே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். 1956க்குப் பிறகு இடம் தமிழ்நாட்டிலும் பராமரிப்பு கேரள அரசிடமுமாக இருக்கும் அந்த அரண்மனையின் பூமுகத்து மேற்கூரையில் செதுக்கிய மலர்களை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்கள் கூடவே கதவுகளின் சட்டக் கனத்தையும், பித்தளையும் இரும்பும் மரத்தில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதையும் கவனியுங்கள்.

பழைய பூட்டை வாங்குவதைப் பற்றி என் கருத்தைத் திட்டமாகவே சொல்கிறேன். கதவிலிருந்து தனியே பெயர்க்கப்பட்ட பூட்டை வாங்காதீர்கள். மடித்த ஆணிகளை நிமிர்த்தி இழுக்கும்போது பூட்டின் தகடு வளைகிறது. ஆணிகள் பெரும்பாலும் முறிகின்றன. பூட்டை இழந்த கதவோ ஓட்டைகளோடு விறகுக் கடைக்குப் போகிறது. கதவோடும் நிலையோடும் சேர்த்துக் கொடுத்தால் வாங்குங்கள். விலை கூடினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நிலையைக் கழற்றுவதற்கு முன் கதவை அதிலேயே மூடி, பூட்டி, நான்கு பக்க இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எது மேல், எது கீழ், எது வலம், எது இடம் என்று சுண்ணக்கட்டியால் குறித்து வையுங்கள். புதிய சுவரில் நிலையை நிறுத்தும்போது தூக்குக்குண்டு பிடித்துச் சரிபார்த்து, குறித்துவைத்த இடைவெளிகள் மீண்டும் வரும்வரை ஆப்புகளைத் தளர்த்தியும் இறுக்கியும் திருத்துங்கள். பூட்டு விழுகிறதா என்று பார்த்த பிறகே கொத்தனாரைச் சாந்து பூச விடுங்கள்.